ரத்த ஓட்டம் நன்றாக இருந்த பிள்ளை

‘ரத்த ஓட்டம் நல்லா இருக்கு’ என்று யார் சொன்னாலும் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அக்கம்பக்கத்துப் பெண் யாராவது ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து முகமெல்லாம் சிரிப்பாக இதைச் சொன்னால் என்னால் கூடச் சேர்ந்து சிரிக்க முடிவதில்லை. “அது சரி, பிள்ளை முன்னாடியே வந்துடுமான்னு கேட்டியா?” என்று வாயில் வந்துவிடும். நல்ல சேதி சொல்ல வந்தவளிடம் இப்படியா கேட்பது என்று வீட்டில் திட்டுவார்கள். திட்டட்டும். நான் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாமல் போனதால்தான் இன்றைக்கு எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் பிறந்தது லைட்ஹவுஸ் குப்பத்தில். என் நைனா கடலுக்குப் போகிறவர். என்னைக் கட்டிக்கொடுத்தது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவு ஊரில். பசியாவரம் போல அதுவும் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊர். உப்பு வாங்க வேண்டுமென்றாலும் படகு ஏற வேண்டும். குடிதண்ணீருக்கும் படகுதான்.

முதல் பிள்ளையை வழக்கப்படி தாய் வீட்டில் பெற்றேன். பெற்றேன் என்று சொல்வதே அதிகம். ஏழாம் மாதத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு நாள் காலையில் வலி எடுத்தது, மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. பையன். மூச்சு இல்லை. விழுந்தேனா, அடிபட்டேனா, எதையாவது தின்றேனா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒன்றும் செய்யவில்லை என்றால் நம்ப ஆளில்லை. என் மாமியார் மட்டும் விசாரிக்கவில்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. “அந்தூட்டுப் பொம்பளைங்களுக்குப் பாத்துக்கத் தெரியல. அடுத்தது இங்கதான்” என்றாள்.

அடுத்தது வந்தபோது எண்பதுகளின் கடைசி. அப்போது பழவேற்காட்டு டவுனில் ஒரு துணிக்கடை வீட்டு அம்மாவுக்கு நான் கருவாடு கொண்டுபோய்க் கொடுப்பேன். பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் அம்மா. என் வயிற்றைப் பார்த்தார், முதல் பிள்ளை போன கதை அவருக்குத் தெரியும். “மெட்ராசுல புதுசா ஒரு மிஷின் வந்திருக்குதும்மா. பிள்ளைக்கு ரத்தம் ஒழுங்கா போவுதானு காட்டுமாம். எம் மவளுக்குப் பாத்தாங்க. ஒரு நட போய்ட்டு வா” என்றார். எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் என்பதையும் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கதையில் நான் கோபப்படாத ஒரே ஆள் அவர்தான்.

என் புருஷனைக் கிளப்புவதற்கு நான் சாப்பிடாமல் கிடக்க வேண்டியிருந்தது. ஒருவழியாகப் படகில் டவுனுக்கு, டவுனிலிருந்து பொன்னேரிக்கு, அங்கிருந்து மெட்ராசுக்கு என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் விடிந்ததிலிருந்து உட்கார்ந்திருந்தவர்களோடு நாங்களும் உட்கார்ந்தோம்.

உள்ளே ஒரு டாக்டரம்மா. அவரைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஒரு கட்டையை வைத்து அழுத்தினார்கள். மிஷினிலிருந்து சத்தம் வந்தது. உஸ், உஸ் என்று விட்டுவிட்டு, முகத்துவாரத்தில் கடல்தண்ணீர் உள்ளே ஏறுகிற மாதிரியான சத்தம். திரையில் அந்தச் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு கோடு ஓடிற்று. டாக்டரம்மா அதைக் காட்டி இங்கிலீஷில் பாடம் நடத்தினார். பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அது யாருடைய வயிறு என்பதை அந்த அறையில் யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை. கட்டையை வேறு இடத்தில் வைத்தார்கள், மறுபடி அதே சத்தம், மறுபடி பாடம்.

முடிந்ததும் என் புருஷனை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சொன்னார். “தொப்புள்கொடியில ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. கர்ப்பப்பைக்குப் போற ரத்தமும் நல்லா இருக்கு. குழந்தை மாசத்துக்கேத்த வளர்ச்சி. பயப்படாம போங்க.”

நான் சேலையைச் சரிசெய்துகொண்டே கேட்டேன். “முதல் பிள்ள முன்னாடியே பொறந்துடுச்சும்மா. இது தங்குமா? நாள் வரைக்கும் நிக்குமா?”

“அதான் சொல்றேனே, எல்லாம் நல்லா இருக்கு” என்றார், அப்போதும் என் புருஷனைப் பார்த்து. அடுத்தவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது வேறொன்றுக்கு. பிள்ளைக்குச் சாப்பாடு போகிறதா என்று அந்த மிஷின் பார்த்துச் சொன்னது. வாசல் எப்போது திறக்கும் என்று நான் கேட்டேன். இந்த இரண்டும் வெவ்வேறு சங்கதி என்று ஒரே ஒரு வாக்கியம் அவர் சொல்லியிருக்கலாம். ‘ஆனாலும் வலி வந்தா உடனே வந்துடு’ என்று இன்னொரு வாக்கியம். அவ்வளவு படிப்பில் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நேரமில்லை.

திரும்பி வந்து கரையில் இறங்கியதும் என் புருஷனுக்கு வாய் ஓயவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், படகு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரிடமும், மிஷின் வைத்துப் பார்த்ததாகவும் ஓட்டம் பிரமாதமாக இருப்பதாகவும் சொல்லிக்கொண்டே வீடு வந்தார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. முகத்துவாரம் அடைபட்டு ஏரியில் தண்ணீர் ஓடாமல் நின்றால் இறால் இல்லை, மீன் இல்லை, ஊரே பட்டினி. கடல்தண்ணீர் உள்ளே ஏறி ஓட ஆரம்பித்துவிட்டால் எல்லாம் தானாக வரும், வேறெதையும் பார்க்க வேண்டாம். ஏரியைப் பார்த்துப் பழகிய கண்ணால் என் வயிற்றையும் பார்த்தார்கள். ஓட்டம் நன்றாக இருக்கிறதா, அப்புறம் என்ன கவலை?

அன்றோடு எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சலுகையும் போயிற்று. அதுவரை பிள்ளை போனவள் என்று பாரம் தூக்க விடாமல் இருந்தார்கள். இப்போது தண்ணீர்க் குடத்தைப் படகிலிருந்து இறக்கு, இறால் தலையைக் கிள்ளு, கூடையைத் தூக்கு. இடுப்பு வலிக்கிறது என்றால் மாமியார், “மிஷினே சொல்லிட்டுது, நீ இன்னா புதுசா சொல்ற?” என்பாள். வேலை செய்ததால்தான் அப்படி ஆயிற்று என்று நான் சொல்லவில்லை, அது யாருக்குத் தெரியும்? ஆனால் என் உடம்பைப் பற்றி நான் சொல்வதற்கு மதிப்பில்லாமல் போனது அன்றைக்குத்தான்.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பாடு என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். ஏரியில் முகத்துவாரத்தை ஒட்டி இறால் நிறையப் படுகிற இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் போய் வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. நம் வீட்டுப் பாடு வருகிற நாளில் நல்ல இடம் நம்முடையது. விட்டுவிட்டால் ஊர் முழுக்கச் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பிறப்புத் தீட்டு, இறப்புத் தீட்டு உள்ள வீட்டின் வலையும் படகும் பாடு நடக்கிற தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கினால் இறால் போய்விடும் என்று நம்பிக்கை. என் நைனாவின் கடலில் இப்படியொன்றும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இதுவொன்றும் தப்பாகவும் தெரியவில்லை. ஊருக்கு ஒரு வழக்கம் என்று இருந்தேன்.

எட்டாம் மாதம் பிறந்து கொஞ்ச நாள்தான். மறுநாள் எங்கள் வீட்டுப் பாடு. காலையில் எழும்போதே முதுகிலிருந்து வயிற்றுக்கு ஒரு பிடி பிடித்து விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. முதல் முறையும் இப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு இது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. மாமியாரிடம் போய், “அத்த, வலி எடுத்துகிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வாய்வு. பெருங்காயத்தக் கரைச்சி குடி” என்றாள்.

“வாய்வு இல்ல அத்த. விட்டுவிட்டு வருது.”

“எட்டாம் மாசத்துல இன்னா வலி? ஓட்டம் நல்லா கீதுன்னு மெட்ராஸ் டாக்டரே சொல்லிகீறாங்க. நாளைக்குப் பாடு. இந்தப் பேச்ச இன்னிக்கு வெளிய எடுக்காத.”

கடைசி வார்த்தையில்தான் விஷயம் இருந்தது. எனக்கு வலி வந்ததை அவள் நம்பாமல் இல்லை. மூன்று பெற்றவளுக்கு வலி எது, வாய்வு எது என்று தெரியாதா? வெளியே தெரிந்தால் பாடு போய்விடும். நாளை சாயங்காலம் வரைக்கும் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும். அதற்கு அந்த மிஷின் சொன்னது கைக்கு வாட்டமாகக் கிடைத்துவிட்டது.

புருஷனிடம் போனேன். அவர் மறுநாளைக்கு வேண்டிய வலையைப் படகில் ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தார். “ஒரு நாள் பொறுத்துக்கோயேன். அம்மா சொல்றதும் நாயம்தான? நல்லா கீதுன்னுதான சொன்னாங்க” என்றார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அங்கேயே ரெண்டில் ஒன்று பார்த்திருப்பேன். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற ஆள். அந்த மாதிரி ஆட்களால்தான் பாதி வீடுகள் நாசமாகின்றன.

மதியம் வரை பொறுத்தேன். பெருங்காயத் தண்ணீரையும் குடித்தேன். பிடி நெருங்கி நெருங்கி வந்தது. அக்கம்பக்கத்து ஆண்கள் இறாலுக்குப் போயிருந்தார்கள், கேட்பதற்கு வேறு படகு இல்லை. ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவில் எழுந்து, கரைக்கு நடந்துபோய், எங்கள் படகில் ஏறி அந்த வலை மேலேயே உட்கார்ந்தேன்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “எறங்குடி. நாளைக்குத் தண்ணில எறங்கற வலைடி அது.”

“எறங்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறீங்களா, இல்ல இந்த வலை மேலயே பெத்துப் போடட்டுமா?”

என் வலிக்கு அசையாதவர்கள் அதற்கு அசைந்தார்கள். புருஷன் முதலில் வலையைக் காப்பாற்றினார். என்னை ஒரு பக்கம் நகர்த்தி, வலையை உருவிக் கரையில் போட்டுவிட்டுத்தான் கழியை எடுத்தார். மாமியாரும் ஏறிக்கொண்டாள். டவுன் பக்கம் படகு திரும்பியது. காற்று எதிரில் இருந்தது, பாய் கட்ட வழியில்லை, கழி ஊன்றியேதான் போக வேண்டும். காலையிலேயே கிளம்பியிருந்தால் காற்று எங்களுக்குத் தோதாக இருந்திருக்கும்.

ஏரியின் பாதி தூரம் தாண்டியதும் பிள்ளை வந்துவிட்டது. மாமியார்தான் கையில் ஏந்தினாள், அதை நான் மறுக்க மாட்டேன். வலை அறுக்கிற கத்தியை எடுத்துக் கொடியை அறுக்கப் பார்த்தாள். நான் கத்திய கத்தலில் அதைக் கீழே போட்டுவிட்டாள். கொடியோடு சேர்த்துப் பிள்ளையை என் வயிற்றின் மேல் போட்டு என் முந்தானையால் சுற்றினோம். பெண். என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டாள். அழுதாள். பூனைக்குட்டியின் குரல்தான், ஆனால் அழுதாள். கழி ஊன்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பனும் அதைக் கேட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் இருந்தார், இளவயது. கொடியை அறுத்து, பஞ்சில் சுற்றி, விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டினார். மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்றார். வண்டி இல்லை. துணிக்கடை அம்மாவுக்குச் சேதி போய், அவர் வீட்டு ஆட்கள் வண்டிக்கு அலைந்தார்கள். காலையில்தான் கிடைக்கும் என்று தெரிந்தது.

நான் அந்த டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். மெட்ராசில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறதென்று சொன்னார்களே, அது பொய்யா என்று கேட்டேன்.

“பொய் இல்லம்மா. குழந்தை வளர்ச்சி நல்லாத்தான் இருக்கு, ஓட்டம் நல்லா இருந்ததாலதான் இந்த எடையாவது இருக்கு” என்றார். “ஓட்டம் கொறஞ்சிருந்தா, பிள்ள முன்னாடி வரலாம்னு சந்தேகப்படலாம். ஓட்டம் நல்லா இருந்தா முன்னாடி வராதுன்னு சொல்ல முடியாது. வலி தானா வர்றதுக்கு வேற எத்தனையோ காரணம். உங்களுக்கு ஏற்கெனவே ஒருதடவை வந்திருக்கு, அதுவே பெரிய எச்சரிக்கை. வலி ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா நிறுத்தறதுக்கு ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். நிக்கலேன்னாலும் வயித்துக்குள்ள இருக்கும்போதே மெட்ராசுக்கு அனுப்பியிருக்கலாம்.”

இவ்வளவுதான். என் புருஷன் பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டார். மாமியாரும் கேட்டாள். 

விடிந்ததும் புருஷன், ஊருக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லி மாமியாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குத்தான் எங்கள் பாடு என்பதே எனக்கு அப்போது நினைவில் இல்லை. நான் பாலைப் பிழிந்து பஞ்சில் நனைத்துப் பிள்ளையின் உதட்டில் வைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். நாக்கால் தேடினாள். வண்டி வந்து வாசலில் நின்றபோது மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வண்டியில் ஏற்றுவதற்குள் நின்றுவிட்டது.

புருஷன் மதியத்துக்கு மேல்தான் வந்தார். அவர் கையில் துணி மூட்டை இருந்தது. பிள்ளையை அதே படகில் ஊருக்குக் கொண்டுபோனோம். கரை ஓரம் மணலில் அவரும் பங்காளி ஒருவரும் புதைத்தார்கள். என்னை அங்கே விடவில்லை.

மறுநாள் காலை மாமியார் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதல் சொல்கிற குரலிலேயே சொன்னாள். “எல்லாம் விதி. ஒண்ணு மட்டும் நல்லதாச்சு. பாடு போவல. நேத்து காலைலயே ஒம் புருசன் பெரியவங்க கைல பேசிட்டான். கொறப்பிள்ள, தங்காது, அதனால பொறப்புக் கணக்குல வராதுன்னு சொல்லிட்டான். பொழச்சா தீட்டு, பொழைக்கலேன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. வாரக் கடைசில நாள மாத்திக் குடுக்கறாங்களாம். இன்னிக்குச் சாயங்காலம் கூட்டத்துல முடிச்சிடுவாங்க.”

நேற்றுக் காலை என்று அவள் சொன்னது என் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நேற்றுக் காலை என் பிள்ளை உயிரோடு இருந்தாள். நான் அவள் வாயில் பால் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவளைப் பெற்றவர் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று அவள் தங்கமாட்டாள் என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார். ஊரே அவள் சாகிறாளா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து வாசலில் வீசினேன். அந்த ஆத்திரம் இதை எழுதும்போதுகூட அடங்கவில்லை, அடங்க வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

சாயங்காலம் கோயிலுக்கு எதிரில் கூட்டம் நடந்தது. பாடு பேசுகிற கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. பெற்ற உடம்போடு கோயில் பக்கம் போகவே கூடாது. நான் போனேன். துணி நனைந்திருந்தது, மாரில் பால் கட்டி வலித்தது. என்னைப் பார்த்ததும் ஆண்கள் எழுந்து விலகினார்கள்.

கூட்டத்துக்குத் தலைவரான பெரியவர், “நீ இன்னாத்துக்குமா இங்க வந்த? பொம்பளைங்க வர்ற எடமா இது? பச்ச ஒடம்பு, வீட்டுக்குப் போ” என்றார்.

“பச்ச ஒடம்புன்னு நீங்களே சொல்றீங்க” என்றேன். “பிள்ள பொறக்கலேன்னா எனக்கு ஏது பச்ச ஒடம்பு?”

 நான் விடவில்லை.

“அது அழுதுச்சு. கழி ஊனிகினு இருந்தவரும் கேட்டாரு, கேளுங்க அவர. பாலுக்கு வாயத் தொறந்துச்சு. செத்துப்போச்சுன்னு புதைச்சீங்களே, பொறக்காதது எப்பிடிங்க சாவும்? எங்கூட்டுல பொறப்பும் ஆச்சு, சாவும் ஆச்சு. ரெண்டு தீட்டும் கீது. எங்க வலை தண்ணில எறங்கக் கூடாது.”

பெரியவர் என் புருஷனைப் பார்த்தார். “இன்னாப்பா, அழுதுச்சா?”

அவர் தலையைத் தூக்காமலே, “அழுதுச்சு” என்றார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து என் பிள்ளைக்காக வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அதற்கு மேல் கூட்டத்தில் பேச ஒன்றும் இல்லை. எங்கள் பாடு பறிபோனது. இனி ஊர் முழுக்கச் சுற்றி வந்தால்தான் உண்டு. வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று மாமியார் தெருவில் நின்று கத்தினாள். உண்மைதான். அந்தச் சோற்றில் எனக்கும் பங்கு இருந்தது, நானும்தான் பட்டினி கிடந்தேன்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் வலை கரையில் காய்ந்தது. வியாபாரிகள் வருவார்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள், நல்ல இறால் காலத்தில் ஏன் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். மாமியாரும் புருஷனும் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியாக வேண்டும். “வீட்டுல ஒரு பிள்ள பொறந்துச்சு” என்று சொன்னார்கள்.